குழந்தைகளோடு கோடை ரயில் உலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லா வீட்டிலும் கிளம்பும் கேள்வி, "எங்கே போறோம்?" கார் இல்லாமல், தமிழ்நாட்டுக்குள் (ஓரிரு இடங்களில் எல்லை தாண்டி), ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிள்ளைகளோடு ரயிலில் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

எந்த இடம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

ஊரின் பெருமையை வைத்து வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு தூரம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ரயிலில் ஆறு மணி நேரம் சமர்த்தாக வரும் குழந்தை, இறங்கியதும் வெயிலில் முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றால் அன்றைய பொழுது அத்தோடு போச்சு. பெற்றோர் ரயில் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்து இருபது கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

இரண்டாவது, காலை 11 முதல் மாலை 4 வரை எங்கே இருப்பீர்கள்? அக்னி நட்சத்திர நாட்களில் இந்த ஐந்து மணி நேரமும் கூரைக்கு அடியில் கழியவேண்டும். அருங்காட்சியகம், கோளரங்கம், விடுதி அறை, ஓடும் ரயில் எதுவானாலும் சரி. அப்படி ஒதுங்க இடமில்லாத ஊர் என்றால் விடியலில் போய்ச் சேர்ந்து பத்தரைக்குள் பார்த்து முடிக்கிற மாதிரி ரயில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த ஊரை டிசம்பருக்குத் தள்ளிவையுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் இடம் வரை பகலில் மூன்று மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் என்றால் இரவு ரயில்தான்.

சென்னையில் இருக்கிறோம். காலையில் போய் மாலையில் திரும்ப என்ன இருக்கிறது?

மின்சார ரயில் தடத்திலேயே நிறைய இருக்கிறது. முதலில் வார விடுமுறையைப் பாருங்கள். பாதி ஏமாற்றம் அதில்தான் வருகிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள். கோடையில் கூட்டத்துக்காக விடுமுறை நாளிலும் வண்டலூரைத் திறப்பதுண்டு. ஆனால் அறிவிப்பைப் பார்க்காமல் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

வண்டலூருக்குத் தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் வண்டலூர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயில்கள் நிறைய என்பதால் பெட்டியில் ஏறுமுன் பலகையைப் பாருங்கள். பூங்கா 602 ஹெக்டேர். முழுவதையும் நடந்து பார்ப்போம் என்று கிளம்பும் குடும்பங்கள் பாதி வழியில் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு திரும்புகின்றன. காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே உள்ளே போய், முதலில் பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டு, பிடித்த இரண்டு மூன்று கூண்டுகளுக்கு மட்டும் நடந்து போங்கள். வெயில் ஏறினால் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துவிடும், குரங்கு மட்டும்தான் மிஞ்சும்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பெரியவர்கள் வெண்கலச் சிலைகளுக்காகப் போவார்கள். பிள்ளைகளுக்கு விலங்கியல் பகுதியில் இருக்கும் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றே போதும். எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான். அதனால் பகல் வெயிலுக்கு ஏற்ற இடம்.

கோட்டூர்புரத்தில் இருக்கும் பிர்லா கோளரங்கத்துக்குப் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் ஸ்டேஷன். காட்சிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நடக்கும். எந்த நேரம் எந்த மொழி என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். அரங்கம் முழு இருட்டாகிவிடும் என்பதால் மூன்று வயதுக் குழந்தைகள் பயந்து அழுவது சகஜம். கதவு மூடியபின் வெளியே வருவது சிரமம், ஓர இருக்கையில் உட்காருங்கள்.

ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ஐ.சி.எஃப். அருங்காட்சியகம். வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ. பழைய நீராவி இன்ஜின்கள் திறந்தவெளியில் நிற்பதால் நண்பகலில் இரும்பு சுடும், தொட்டுப் பார்க்க விடாதீர்கள். மாலை நான்குக்கு மேல் போவது உத்தமம்.

வேடந்தாங்கல்?

மே மாதத்தில் வேண்டாம். பறவைகள் வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. கோடையில் ஏரியில் தண்ணீரே இருக்காது. மதுராந்தகத்தில் இறங்கி வண்டி பிடித்துப் போய், பிள்ளைக்குக் காய்ந்த மரத்தைக் காட்டிவிட்டு வரவேண்டியிருக்கும்.

குழந்தைக்கு டிக்கெட் எப்படி? அரை டிக்கெட் இன்னும் உண்டா?

உண்டு, ஆனால் எல்லோரும் நினைப்பது போல இல்லை. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால், ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. போன்ற வகுப்புகளில் இரண்டு வழி உண்டு. பெர்த் வேண்டாம் என்று குறித்தால் அரைக் கட்டணம், பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. அதற்கு முன் அரைக் கட்டணத்திலேயே பெர்த் கிடைத்தது. தாத்தா பாட்டிகள் இன்னமும் அந்த ஞாபகத்தில்தான் பேசுவார்கள்.

பெர்த் இல்லாமல் உட்கார்ந்துவரும் ஏற்பாடு, இருக்கை மட்டுமே உள்ள வகுப்புகளில் கிடையாது. அதாவது வைகை, பல்லவன் போன்ற பகல் ரயில்களின் முன்பதிவு இருக்கைப் பெட்டி, ஏ.சி. சேர் கார், வந்தே பாரத் எல்லாவற்றிலும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம். ஐந்து வயது நிறைந்த இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் வந்தே பாரத் என்று முடிவு செய்யுமுன் நான்கு முழு டிக்கெட் என்று கணக்குப் போடுங்கள். முன்பதிவு இல்லாத பெட்டியிலும் மின்சார ரயிலிலும் 5 முதல் 12-க்குள் பாதிக் கட்டணம்.

அரைக் கட்டணம் மிச்சம் என்று பத்து வயதுப் பையனுக்கு பெர்த் எடுக்காமல் விட்டால் இரவெல்லாம் அம்மா உட்கார்ந்தேதான் வரவேண்டும். ஏழு வயது வரை ஒரே பெர்த்தில் சமாளிக்கலாம், அதற்கு மேல் பெர்த் எடுத்துவிடுங்கள். வயதுச் சான்றுக்குப் பிள்ளையின் ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். பன்னிரண்டு நிறைந்த பிள்ளை உயரத்தில் குட்டையாக இருந்தாலும் டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) கணக்குப் போடுவது பிறந்த தேதியைத்தான்.

மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையனை அம்மா தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

எத்தனை நாள் முன்னால் புக் செய்ய வேண்டும்?

2024 நவம்பர் 1 முதல், பயண நாளை விட்டு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறது. காலை 8 மணி. மே முதல் வாரத்தில் போக வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். அப்போது தேர்வு அட்டவணைகூட சில பள்ளிகளில் வந்திருக்காது, வேறு வழியில்லை. நெல்லை, குமரி, ராமேஸ்வரம் பக்கம் போகும் வெள்ளி இரவு ரயில்கள் விரைவில் தீர்ந்துவிடும். அதையே செவ்வாய் இரவுக்கு மாற்றினால் சில நாள் கழித்துப் பார்த்தாலும் இடம் இருக்கும். பள்ளி விடுமுறையில் பெற்றோருக்கு ஒரு நாள் விடுப்பு கிடைத்தால் வார நடுவில் போவதுதான் பெரிய லாபம்.

முன்பதிவு திறக்கும் நாளில் ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை. கடைசி நேர முன்பதிவான தட்கலுக்கும் அதே. முதல் நாள் இரவே கணக்கைத் திறந்து பார்த்து, பயணிகள் பட்டியலில் எல்லோருடைய பெயரையும் வயதையும் ஏற்றி வைத்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் பெயர் தட்டிக்கொண்டிருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர், தட்கலில் நான்கு பேர். ஏழு பேர் போனால் இரண்டு டிக்கெட் ஆகும். பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரியுங்கள். பிள்ளைகளை மட்டும் ஒரு டிக்கெட்டில் போட்டால் அவர்கள் வேறு பெட்டியில் போய் விழும் அபாயம் உண்டு.

தட்கலை நம்பலாமா?

கடைசி ஆயுதமாக மட்டும். ரயில் கிளம்பும் ஊரிலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கு 11. கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. பிள்ளைக்கு முந்தைய இரவு காய்ச்சல் வந்தால் மொத்தமும் நஷ்டம்.

வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் ஏறிவிடலாமா?

கூடாது. ஆன்லைன் டிக்கெட்டில் எல்லோரும் காத்திருப்பிலேயே நின்றுவிட்டால் சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகிவிடும், ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம். கவுன்ட்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டோடும் ஸ்லீப்பர், ஏ.சி. பெட்டியில் ஏற அனுமதி இல்லை. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டும். கைக்குழந்தையோடு ஆர்.ஏ.சி.யில் இரவு முழுக்கப் போவது அறிமுகமில்லாத இன்னொருவருக்கும் தண்டனைதான்.

ஊட்டி மலை ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏற வேண்டுமா?

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் ஆம். அதற்குக் கீழே என்றால் குன்னூரிலிருந்து ஏறினால் போதும்.

காரணம் இதுதான். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, ஏ.சி. கிடையாது, இருக்கை நெருக்கம். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் ஸ்டேஷன்களில் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில்தான் கழிப்பறை, டீ, கால் நீட்டுவது எல்லாம். நின்றதும் முதல் வேலையாகப் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள், போட்டோ அப்புறம். ஹில்குரோவ் ஸ்டேஷனில் குரங்குகள் காத்திருக்கும், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு பிள்ளையை இறக்கிவிடாதீர்கள்.

ஆனால் பல் சக்கரத்தின் அழகெல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான். ஏற்றம் 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் இருப்பதால் சாதாரணச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்து, இன்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறுகிறது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், இழுக்காது. பெட்டிகள் அறுந்தாலும் பின்னோக்கி உருளாமல் இருக்க இந்த ஏற்பாடு. இதை ஏறுமுன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் வழியெல்லாம் சத்தத்தைக் கவனித்துக்கொண்டு வருவார்கள். தடம் குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் திறந்தது. 16 குகைகள், 250 பாலங்கள். எண்ணச் சொல்லி நோட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், குகைகளை மட்டுமாவது எண்ணி முடிப்பார்கள்.

குன்னூர்–ஊட்டி 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்குச் சில முறை ரயில் உண்டு. இந்தப் பகுதியில் டீசல் இன்ஜின், பல் சக்கரம் இல்லை. ஆனால் கேத்தி பள்ளத்தாக்கு வரும், நேரமும் குறைவு.

அந்த ரயிலில் டிக்கெட் கிடைக்கவே இல்லையே?

மே மாத மலை ரயில் இருக்கை முன்பதிவு திறந்த உடனே போய்விடும். முன்பதிவு இல்லாத இடங்கள் சொற்பம். கோடையில் தெற்கு ரயில்வே சிறப்பு மலை ரயில்களும் விடுவதுண்டு, கட்டணம் கூடுதல். இன்னொரு வழி, மேலே ஏறுவதைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு இறங்குவதை ரயிலில் வைப்பது. ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். ஏற்றத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு, அன்றிரவே சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸையும் பிடிக்கலாம். வரும்போது அதே நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மலை ரயிலுக்கு முன்னால் வந்து சேரும். சற்றுத் தாமதமானால் பல் தேய்க்கக்கூட நேரமிருக்காது. பிள்ளைகளுக்கு ரயிலிலேயே முகம் கழுவி உடை மாற்றிவிடுங்கள்.

பெரிய டிராலி பெட்டி வேண்டாம், மலை ரயிலில் வைக்க இடமில்லை. தோள்பை போதும். மே மாதமானாலும் ஊட்டியில் மாலைக் குளிருக்கு ஸ்வெட்டர் தேவை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர்.

இ-பாஸ் வேண்டாமா?

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். ரயிலிலோ அரசுப் பஸ்ஸிலோ போகிறவர்களுக்குத் தேவையில்லை. இது ரயில் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகை. மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் பிடித்தால் மட்டும் அந்த வண்டிக்குப் பாஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வேறு மலை?

முதல் மலைப் பயணத்துக்கு ஏலகிரி. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மலைக்கு இருபது கிலோமீட்டர் அளவு, 14 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,100 மீட்டர் என்பதால் ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். மே மதியம் அங்கும் வெயில்தான், காலையும் மாலையும்தான் சுகம். சேலத்தில் இறங்கி ஏற்காடு போனால் 20 வளைவுகள். கொடைக்கானலுக்கு 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் பெயரை நம்பி ஏமாறாதீர்கள், அங்கிருந்து மலை ஏற எண்பது கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு: கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், பால் கூடாது. பட்டினியும் கூடாது, வெறும் வயிறும் குமட்டும். முன் இருக்கை, கண் தூரத்துச் சாலையில் இருக்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. மாத்திரை தருவதென்றால் மருத்துவரைக் கேட்டு, மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு. குமட்டல் வந்தபின் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். மடியில் இரண்டு பிளாஸ்டிக் உறை, ஒரு பழைய துண்டு.

பாம்பன் பாலத்தைப் பகலில் கடக்க எந்த ரயில்?

சென்னையிலிருந்து போகும் இரவு ரயில்களில் சில இருட்டிலேயே பாலத்தைத் தாண்டிவிடும், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். பாலம்தான் முக்கியம் என்றால் மதுரை வரை வந்து, அங்கிருந்து காலைப் பாசஞ்சரில் போங்கள். சுமார் நான்கு மணி நேரம். மண்டபம் தாண்டும்போது எல்லோரையும் ஜன்னலுக்கு அழையுங்கள், இரு பக்கமும் கடல்.

இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில். 1914-இல் கட்டிய பழைய பாலத்தின் நடுப்பகுதி கதவு போல இரண்டாகப் பிரிந்து திறக்கும். புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் போல நேராக மேலே எழும்புகிறது. கப்பல் வரும்போது மட்டும்தான் தூக்குவார்கள். அதற்கு நேர அட்டவணை கிடையாது, பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழைய பாலத்தில் ஊர்ந்து போனது போல இப்போது போகாது, போனில் படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே தயாராக இருங்கள்.

தனுஷ்கோடிக்கு நிழலே கிடையாது. அதிகாலையில் போய் ஒன்பதுக்குள் திரும்புவது ஒன்றே வழி. அரிச்சல்முனையில் நீரோட்டம் பலமானது, கால் நனைப்பதோடு சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் மொத்தமும் ராமேஸ்வரம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். படகுப் பிரியப் பிள்ளைகளுக்கு அதுவே கண்கொள்ளாக் காட்சி.

குற்றாலம் மே மாதத்தில் எப்படி?

பாறையைத்தான் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின், ஜூன் முதல்தான் சீசன். பள்ளி திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் ஜூன் முதல் வாரம் ஒரு வாய்ப்பு. தென்காசியில் இறங்கினால் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சிறு பிள்ளைகளுக்குப் பேரருவி வேண்டாம், புலியருவியும் சிற்றருவியும் அளவானவை. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், அன்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

அருவியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் செங்கோட்டை–புனலூர் ரயில் தடம் இருக்கிறது. 1904-இல் திறந்த மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாகி 2018-இல் முழுமையாகத் திறந்தது. ஆரியங்காவு குகை, பதிமூன்று கண் பாலம், தென்மலைக் காடு எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள். ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்காதவர்களுக்குச் சாதாரண எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் இதைவிட நல்ல மாற்று தமிழ்நாட்டில் இல்லை. சென்னை–கொல்லம் ரயில் அதிகாலையில் இதைக் கடக்கிறது, செங்கோட்டையிலேயே எழுப்பிவிடுங்கள்.

தஞ்சாவூர், கன்னியாகுமரி, பிச்சாவரம்?

தஞ்சைப் பெரிய கோவிலில் சிக்கல் தரைதான். கருங்கல் காலை பத்துக்கே கொதிக்கும், செருப்பு இல்லாத பிஞ்சுப் பாதம் கொப்பளித்துவிடும். விரிப்பு போட்டிருந்தாலும் பிள்ளைகள் அதை விட்டு ஓடுவார்கள். காலை ஆறரை முதல் எட்டரை, அல்லது ஐந்து மணிக்கு மேல். பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுபோங்கள்.

கன்னியாகுமரியில் ரயில் கடைசி ஸ்டேஷனிலேயே விட்டுவிடும். விவேகானந்தர் பாறைக்குப் படகு காலை எட்டுக்குத் தொடங்கும். ஏழுக்கே வரிசையில் நின்றால்தான் வெயிலுக்கு முன் திரும்ப முடியும். 2024 டிசம்பர் 30 முதல் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது.

பிச்சாவரத்துக்குச் சிதம்பரத்தில் இறங்கிப் பதினைந்து கிலோமீட்டர் அளவு. முதல் படகையே பிடியுங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் காட்டின் குறுகிய கால்வாய்க்குள் நுழையும். நிழலும் அங்கேதான்.

ஸ்லீப்பரா, ஏ.சி.யா? பெர்த்தை எப்படிப் பிரிப்பது?

இரவு ரயிலுக்கு ஸ்லீப்பர் போதும். மே மாதப் பகல் பயணத்துக்கு ஏ.சி.தான். ஸ்லீப்பரின் இரும்புக் கூரை பிற்பகலில் மேல் பெர்த்தை அடுப்பாக்கிவிடும். ஏ.சி. பெட்டியில் நேர் எதிர்ச் சிக்கல், விடியற்காலைக் குளிர். முழுக்கைச் சட்டையும் சாக்ஸும் கையிலேயே இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டியில் வேண்டாம்.

பிள்ளைக்குக் கீழ் பெர்த், சுவர்ப் பக்கம் படுக்கவைத்து, வெளிப்பக்கம் பையை வைத்துத் தடுங்கள். மேல் பெர்த்துக்கு அடம் பிடிக்கும் ஏழு வயது வீரர்களை ஒன்பது மணி வரை அங்கே விளையாடவிட்டுத் தூங்கும்போது இறக்கிவிடுங்கள். புக் செய்யும்போது 'குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும்' என்ற தேர்வு உண்டு, அதைக் குறியுங்கள். தாத்தா பாட்டி கூட வந்தால், 60 தாண்டிய ஆணுக்கும் 45 தாண்டிய பெண்ணுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்களுக்குத் தனி டிக்கெட் எடுத்தால்தான் அது கிடைக்கும், பெட்டி மாறிப்போகலாம்.

ஸ்லீப்பர் ஜன்னல் ஷட்டரில் விரல் நசுங்குவது அடிக்கடி நடக்கும். தூக்கியதும் கொக்கி முழுமையாக மாட்டியிருக்கிறதா என்று கீழே அழுத்திப் பாருங்கள். இடம் தேர்ந்து உட்காரும் பெட்டி என்றால் வெயில் கணக்கும் பாருங்கள். தெற்கே போகும் ரயிலில் காலையில் போகும் திசைக்கு வலப்பக்கம் நிழல், பிற்பகலில் இடப்பக்கம்.

என்ன சாப்பாடு கட்டுவது?

இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி எடுங்கள், தேங்காய்ச் சட்னி நாலு மணி நேரம் தாங்காது. புளியோதரை மறுநாள் வரை கெடாது. எலுமிச்சைச் சாதம் மதியம் வரை. தயிர்சாதம் கட்டும்போது தயிரைக் குறைத்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். வழியிலேயே உறைந்து மதியம் புளிக்காமல் இருக்கும். வெங்காயம் போட்ட எதுவும், அவித்த முட்டையும் இரவு ரயிலுக்கு வேண்டாம். சூடாக மூடிக் கட்டினால் நீர் விட்டுச் சீக்கிரம் கெடும், நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் கலக்க ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். சார்ஜ் பாயின்ட்டில் கெட்டில் சொருகுவது குற்றம், தீ அபாயமும் கூட. இரவு 11 முதல் காலை 5 வரை அந்தச் சாக்கெட்டுகளில் மின்சாரமே இருக்காது, போனையும் அதற்கு முன் சார்ஜ் செய்துவிடுங்கள்.

வெயிலில் பிள்ளை சுருண்டுவிட்டால்?

தாகம் என்று சொல்லும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை நான்கு வாய் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் பையில். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு கூடி வயிற்றுப்போக்கு மோசமாகும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, அல்லது துவண்டு கிடக்கிறது என்றால் உலாவை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஓடும் ரயிலில் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்தால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள்.

கூட்டத்தில் பிள்ளை பிரிந்துவிட்டால்?

கிளம்புமுன் சட்டைப்பையில் உங்கள் போன் எண், பெட்டி எண், இருக்கை எண் எழுதிய சீட்டு. 'அம்மாவைக் காணோம் என்றால் நின்ற இடத்திலேயே நில்' என்று நான்கு முறை சொல்லி வையுங்கள். தேடி ஓடும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பிளாட்பாரத்தில் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை), போனில் 139, குழந்தைகள் உதவிக்கு 1098. பெற்றோர் கீழே, பிள்ளை மட்டும் ரயிலில் என்று ஆகிவிட்டால் ஓடும் ரயிலில் தாவாதீர்கள். ரயில் எண்ணும் பெட்டி எண்ணும் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கி வைப்பார்கள். இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்குவதால்தான் இது நடக்கிறது, அதைத் தவிர்த்தாலே போதும்.

எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்பதில் குழப்பம் வருகிறதே?

சென்னையில் தெற்கே போகும் ரயில் எல்லாம் எழும்பூர், மேற்கே போவதெல்லாம் சென்ட்ரல் என்ற பழைய கணக்கை நம்பாதீர்கள். எழும்பூரில் கட்டுமான வேலை நடக்கும் காலத்தில் சில ரயில்களைத் தாம்பரத்துக்கும் சென்னை கடற்கரை ஸ்டேஷனுக்கும் மாற்றுகிறார்கள். முந்தைய நாள் டிக்கெட்டில் இருக்கும் ஸ்டேஷன் பெயரையும் வந்திருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸையும் பாருங்கள். எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் ஏறுவதென்றால் போர்டிங் ஸ்டேஷனை முந்தைய நாளே ஆன்லைனில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெர்த் ஆர்.ஏ.சி.க்காரருக்குப் போய்விடலாம்.

குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி கொண்டுவரலாமா?

கொண்டுவரத் தடையில்லை, ஆனால் பயனில்லை. நடைமேம்பாலப் படிகள், பெட்டியின் செங்குத்துப் படிகள், பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லாவற்றுக்கும் அதை மடக்கி ஒரு கையில் தூக்க வேண்டும், பிள்ளை இன்னொரு கையில். மார்பில் கட்டும் துணித் தொட்டிலோ, பாட்டியின் பழைய பருத்திப் புடவையோ எடுத்து வாருங்கள். புடவை ஸ்லீப்பரில் வெயில் மறைக்கும் திரையாகவும் ஆகும்.